கடைமடையிலிருந்து பனிமலைக்கு: ஃப்ரீரைட் ஸ்கீயிங் போட்டிக்குப் போக நினைக்கும் டெல்டாக்காரருக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை ஊர் எங்களுடையது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு என்றால் வரப்புதான். இங்கிருந்து கிளம்பி, ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஒரு ஃப்ரீரைட் தகுதிப் போட்டியில் ஒரே ஒரு முறை சறுக்கி இறங்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் வீணாய்ப் போனதற்குக் காரணம் பனி இல்லை, தப்பான வரிசையில் வேலை பார்த்ததுதான். காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயை முதலில் வாங்கினேன், விசாவுக்குக் கடைசியில் அலைந்தேன். தமிழில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"நம்ம ஊர்க்காரனுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். காவிரி பிறக்கும் குடகைச் சேர்ந்த பவானி தெக்கட நஞ்சுண்டா, பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போகும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார். தலைக்காவிரியில் முடிந்தது கடைமடைக்கும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும் என்பது என் கட்சி. ஆனால் அவர் செய்வது வேறு வகை ஸ்கீயிங். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போன, காஷ்மீரின் குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான் செய்வது கொடி நட்ட பாதையில் இறங்கும் இன்னொரு வகை. நாம் பேசப்போவது மூன்றாவது, ஃப்ரீரைட்.

1. எதில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ரீரைடில் கொடி நட்ட பாதை கிடையாது. உச்சியில் ஒரு தொடக்க வாசல், அடிவாரத்தில் ஒரு முடிவு வாசல். நடுவில் பாறையும் பள்ளமும் செங்குத்துமாக இருக்கும் மலைமுகம் முழுக்க உங்களுடையது. எந்த வழியாக இறங்குவது என்பது உங்கள் முடிவு. அந்த முகத்தில் ஒத்திகை பார்க்க விடமாட்டார்கள். எதிரே நின்று பைனாகுலரில் பார்த்து வழியை மனப்பாடம் செய்ய வேண்டும். நடுவர்கள் கவனிப்பவை ஐந்து: வழியின் கடினம், கட்டுப்பாடு, தடங்கலில்லாத ஓட்டம், தாவலும் அதன் அழகும், ஸ்கீ ஓட்டும் நுட்பம். மொத்தம் 100 மதிப்பெண். வேகத்துக்குத் தனி ஸ்டாப்வாட்ச் இல்லை.

ஏணி இப்படி இருக்கிறது. 18 வயது வரை ஜூனியர் போட்டிகள். அதற்குமேல் நட்சத்திரக் கணக்கில் தரம் பிரித்த தகுதிப் போட்டிகள். அடுத்து சேலஞ்சர் என்னும் போட்டிகள். உச்சியில் ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர் என்னும் உலகப் போட்டித் தொடர். அதன் இறுதிச் சுற்று சுவிட்சர்லாந்தின் வெர்பியேயில், பெக் டி ரோஸ் மலைமுகத்தில் நடப்பது வழக்கம். 2022இல் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் இந்த வேர்ல்ட் டூரைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுகின்றன. போன வருடம் ஒருவர் சொன்னதை நம்பாமல், அந்தந்த வருட விதிப்புத்தகத்தைத் தரவிறக்கி நீங்களே படியுங்கள்.

2. சீசன் மார்கழியில் அல்ல, ஆடியில் தொடங்குகிறது

பனி மார்கழி, தை, மாசியில் என்பதால் ஐப்பசியில் ஏற்பாடு செய்தால் போதும் என்று நினைத்தேன். நம் ஊரில் அந்த மாதங்களில்தான் சம்பா அறுவடை, பொங்கல், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பு எல்லாம் வருகின்றன. வீட்டில் ஆள் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் காஷ்மீரில் இருப்பீர்கள். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் எந்த விசாவும் உதவாது. நான் குறுவை அறுவடைக்கு முழுக்க நின்றேன். சம்பாவுக்குக் கூலி ஆளுக்கான பணத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆடியில் வருமான வரிக் கணக்கும் பாஸ்போர்ட்டும். ஆவணி, புரட்டாசியில் பயிற்சி முகாம் விண்ணப்பமும் போட்டிக்கான உறுப்பினர் பதிவும். ஐப்பசியில் விசா. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

3. பாஸ்போர்ட்டும் அப்பா பெயரும்

36 பக்க பாஸ்போர்ட் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தட்கல் என்றால் இன்னும் 2,000. பிரச்சினை பணத்தில் இல்லை, பெயரில். நமக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் எடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். விமான டிக்கெட்டிலும் போட்டிப் பதிவிலும் அந்தக் கட்டம் கட்டாயம். ஓரிடத்தில் புள்ளி, ஓரிடத்தில் அதே பெயர் இரண்டு முறை என்று இட்டு நிரப்பினால் எதுவும் எதோடும் பொருந்தாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு ஒரேயடியாகத் திருத்திவிடுங்கள். பக்கவிளைவு ஒன்று உண்டு: போட்டியன்று மைக்கில் என் அப்பா பெயரைத்தான் கத்தினார்கள். நான் காணொளி அனுப்பியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

4. வயல் வருமானத்தைக் காகிதமாக்குவது

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன். என் முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது இதனால்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு உங்கள் செலவை யார் தாங்குகிறார்கள் என்று காட்ட வேண்டும். வங்கி அறிக்கையும் வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் எங்கள் வீட்டில் யாரும் கணக்கே தாக்கல் செய்ததில்லை. வரி கட்ட வேண்டாம் என்பது வேறு, தாக்கல் செய்ய வேண்டாம் என்பது வேறு. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஐடிஆர் 2 படிவத்தில் அதை விலக்கு வருமானமாகக் காட்டி, பூஜ்ய வரியோடு தாக்கல் செய்யலாம். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. ஆடிப்பெருக்குக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். உங்கள் பெயரிலும், செலவைத் தாங்குகிற அப்பா பெயரிலும், இரண்டு வருடத்துக்காவது இருந்தால் நல்லது.

அடுத்தது நிலம். சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். அடங்கலுக்கு விஏஓவிடம் போனேன். "பனியில சறுக்குறதுக்கு எதுக்குத் தம்பி அடங்கல்?" என்று கேட்டுவிட்டு, டீ வாங்கிக்கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். தமிழில் இருக்கும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவிடமிருந்து, "என் மகனின் பயணச் செலவை நான் ஏற்கிறேன்" என்று ஒரு கடிதம்.

இப்போது பொறி. நெல் பணம் வங்கியில் மாதாமாதம் வராது. ஒரே நாளில் மொத்தமாக விழும். அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்கு அது யாரிடமோ கடன் வாங்கிக் கணக்கை நிரப்பியது போலத் தெரியும். கொள்முதல் நிலைய ரசீதைப் பத்திரப்படுத்தி, அந்த வரவுக்கு நேரே எண் போட்டு இணையுங்கள். அதைவிட மோசமான பொறி நகைக்கடன். அம்மாவின் வளையலை வைத்து வாங்கிய பணத்தை விண்ணப்பத்துக்கு பத்து நாள் முன்னால் கணக்கில் போட்டேன். நிராகரிப்புக் கடிதத்தில் காரணமாக அதுதான் வந்தது. பணம் ஆறு மாதமாக அங்கேயே கிடந்தது என்று காட்டுவதுதான் வழி.

5. தட்டையான ஊரில் கால் தேற்றுவது

ஸ்கீயிங்கில் தொடை வேலை செய்வது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே மெதுவாக மடங்கும் வலு வேண்டும். அதற்கு ஜிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுவாமிமலையில் 60 படி இருக்கிறது. கூட்டமில்லாத விடியலில், கோயிலுக்கு வருபவர்களுக்குத் தொந்தரவில்லாமல், ஏறுவதை விட்டுவிட்டு இறங்குவதில் கவனம் வையுங்கள். மாதம் ஒருமுறை திருச்சி மலைக்கோட்டை. நடவுச் சேற்றில் நடப்பதும் நல்ல பயிற்சிதான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வைக்கோல் போரில் குதித்துத் தாவல் பழகினேன். தப்பு. வைக்கோல் எல்லாத் தவற்றையும் மன்னித்துவிடும். பனி மன்னிக்காது.

துபாயில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. அங்கே மாலுக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் 400 மீட்டர் நீளச் சரிவு இருக்கிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானம். ஃப்ரீரைட் அங்கே வராது. ஆனால் ஸ்கீ பூட்ஸை மாட்டி நிற்கவும் திரும்பவும் பழகிவிட்டால் காஷ்மீரில் இரண்டு மூன்று நாள் மிச்சம்.

6. முதல் பனி: அரசுப் பயிற்சி முகாம்

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்கீயிங் அண்ட் மவுன்டனீரிங், பஹல்காமில் ஜவஹர் இன்ஸ்டிட்யூட், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்ற நிறுவனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள். அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு வாரம். தங்கல், சாப்பாடு, கருவி எல்லாம் சேர்ந்த கட்டணம் தனியார் முகாமைவிடப் பல மடங்கு குறைவு. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் அவர்கள் தரும் படிவத்திலேயே வேண்டும். ஊர் டாக்டரின் லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொண்டு போய் நான் ஒரு நாளை இழந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் நிற்கவும் திரும்பவும் மட்டுமே வரும். பயிற்சியில் நல்ல தரம் வாங்கி இடைநிலை, மேல்நிலை என்று போக வேண்டும். என் கணக்கில், போட்டியைப் பற்றி யோசிக்கும் முன் நூறு நாளாவது பனியில் நின்றிருக்க வேண்டும். நூறு நாள் என்றால் மூன்று சீசன். இதைக் கேட்டு மனம் சோர்ந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்வது உங்கள் பணத்துக்கு நல்லது.

7. குல்மார்க் போவதும் இருப்பதும்

மன்னை எக்ஸ்பிரஸோ உழவன் எக்ஸ்பிரஸோ பிடித்து எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல். அந்தமான் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாளில் ஜம்மு பக்கத்துக் கட்ரா. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர், தங்மார்கிலிருந்து மேலே, பனி விழுந்தால் சங்கிலி கட்டிய வண்டி மட்டுமே போகும். அதற்குத் தனிக்காசு.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. கிளம்புவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள். நான் மாற்றவில்லை. இரண்டு நாள் போன் வரவில்லை என்று அம்மா ஊரையே கூட்டிவிட்டார்.

கொண்டோலா என்கிற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறக்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து போகிற நமக்குத் தலை வலிக்கும். முதல் இரண்டு நாள் கீழேயே இருங்கள். பெரும்பனி விழுந்தாலோ காற்று அடித்தாலோ இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள், சில சமயம் நாள்கணக்கில். பத்து நாள் தங்கினால் ஆறு நாள்தான் மேலே போக முடியும் என்று கணக்குப் போடுங்கள். டிசம்பர் கடைசிப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், பனியை நம்ப முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வெறும் புல்வெளியாகவே கிடந்தது. 2025 கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி இல்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முடிய என்பது என் தேர்வு.

கருவிகள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நான் கொடுத்தது நாளுக்கு ஆயிரத்தை ஒட்டி.

8. பனிச்சரிவுப் பாடம்: இதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம்

பனிச்சரிவு பெரும்பாலும் நிகழ்வது 30 முதல் 45 டிகிரிச் சரிவில். நாம் சறுக்க ஆசைப்படுவதும் அதே சரிவில்தான். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவு வந்து ஒரு ரஷ்ய ஸ்கீ வீரர் இறந்தார். பெரிய பெயர்களும் தப்பியதில்லை: ஸ்னோபோர்டில் இரண்டு முறை வேர்ல்ட் டூர் பட்டம் வென்ற எஸ்டெல் பாலே, 2016இல் சுவிட்சர்லாந்தில் படப்பிடிப்பின்போது பனிச்சரிவில் சிக்கி இறந்தார். வயது 21.

குறைந்தது மூன்று நாள் நடக்கும் முதல்நிலைப் பனிச்சரிவுப் பயிற்சி ஒன்றை முடியுங்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னல் வழியாகக் காட்டும் ட்ரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருந்தால்தான் தேடி எடுக்க முடியும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் சும்மா. புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகச் சரியும். வெளியிலிருந்து ஆள் வர அந்த நேரம் போதாது. கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். மம்பட்டி பிடித்துப் பழகிய கை நமக்கு இருக்கிறது. ஆனால் ட்ரான்ஸீவர் தேடல் நமக்குப் புதிது. அதை ஊர்த் திடலிலேயே மணலுக்குள் ஒன்றைப் புதைத்து வாரம் ஒருமுறை பழகலாம். நாங்கள் களத்துமேட்டில் பழகினோம். தங்கம் தேடுகிறோம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

9. கருவி வாங்கும் வரிசை

முதலில் பூட்ஸ். இரண்டாவது ட்ரான்ஸீவர் கூட்டணி. மூன்றாவது ஹெல்மெட், முதுகுக் கவசம். கடைசியில் ஸ்கீ. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நடுப்பகுதி 118 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கீயை இணையத்தில் தள்ளுபடியில் பார்த்து வாங்கினேன். புதியவனால் அதைத் திருப்பவே முடியாது. ஒரு சீசன் முழுக்க அது பரணில் கிடந்தது.

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். பூட்ஸ் 40,000 முதல் 60,000. ட்ரான்ஸீவர் 30,000 முதல் 40,000. ப்ரோப், மண்வெட்டிக்கு இன்னும் 10,000. ஸ்கீயும் அதோடு பூட்ஸைப் பிணைக்கும் பைண்டிங்கும் சேர்ந்து புதிதாக 80,000க்கு மேல், பழையது பாதி விலையில் கிடைக்கும். பழைய ஸ்கீ வாங்கலாம். பழைய ட்ரான்ஸீவர் வாங்காதீர்கள். பூட்ஸை இணையத்தில் வாங்கவே வேண்டாம். செருப்பில் அகன்று பழகிய நம் பாதத்துக்கு அளவு எண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தால் நகம் போய்விடும்.

பனிச்சரிவில் ஊதி விரிந்து ஆளைப் புதையாமல் காக்க உதவும் ஏர்பேக் பை 70,000க்கு மேல். ஊதுவதற்குச் சிலிண்டர் வைத்த வகையைக் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

10. போட்டிப் பதிவும் விசாவும்: கோழியா முட்டையா

தகுதிப் போட்டிக்கு முதலில் அந்த சீசனின் உறுப்பினர் பதிவு, அப்புறம் ஒவ்வொரு போட்டிக்கும் தனி விண்ணப்பம். நட்சத்திரம் ஏற ஏற நுழைவுக் கட்டணமும் ஏறும். தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு முதலில் இடம், நம்மைப் போன்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். இடம் உறுதியானதும் விசா போடலாம் என்று உட்கார்ந்தால் விசாவுக்கு நேரமிருக்காது. ஷெங்கன் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் எடுக்கமாட்டார்கள். அதனால் அமைப்பாளருக்கு எழுதி, "இவர் விண்ணப்பித்துள்ளார், காத்திருப்பில் உள்ளார்" என்று ஒரு கடிதம் கேளுங்கள். எனக்கு இரண்டு பேர் கொடுத்தார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. உறுப்பினர் சான்றையும் ஸ்கீ பயிற்சி முன்பதிவையும் சேர்த்து வையுங்கள்.

விசா கட்டணம் 90 யூரோ, அதற்குமேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம். அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சீக்கிரம் நாள் கிடைக்கிறதே என்று வேறு நாட்டுக்குப் போடாதீர்கள். இன்னொன்று: பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள சிறு நாடான அந்தோரா ஷெங்கனில் இல்லை. பிரான்ஸிலோ ஸ்பெயினிலோ இறங்கி அங்கே போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வரும்போது எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். 2026இல் முதல் ஃப்ரீரைட் உலக சாம்பியன்ஷிப் அந்தோராவின் ஓர்டினோ ஆர்காலிஸில் என்று அறிவித்ததிலிருந்து அந்தப் பெயர் அடிக்கடி காதில் விழும், அதனால் சொல்கிறேன்.

திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். வானிலை பார்த்துப் போட்டியை நாள் தள்ளுவது இங்கே சகஜம்.

11. காப்பீடு

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு போதும். மலைக்குப் போதாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சிறிய எழுத்தில் மூன்று விலக்குகள் இருக்கும்: சாகச விளையாட்டு, தயார் செய்த பாதைக்கு வெளியே ஸ்கீயிங், போட்டி. மூன்றும் நாம் செய்வது. முகவர் "எல்லாம் கவராகும் சார்" என்பார். மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் முகவர் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. வெளிநாட்டில் வாங்கிய காப்பீட்டுக்குத்தான் கடைசியில் போனேன். ஹெலிகாப்டர் மீட்பு அதில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

12. போட்டி நாள்

மலைமுகத்தைக் கீழிருந்து பார்ப்பது ஒன்று, மேலிருந்து பார்ப்பது வேறொன்று. கீழிருந்து பளிச்சென்று தெரிந்த பாறை மேலிருந்து தெரியவே தெரியாது. சரிவு வளைந்து கண்ணை மறைத்துவிடும். புகைப்படத்தைத் தலைகீழாகப் பிடித்து மனப்பாடம் செய்யுங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கத் தெரிந்தவருக்குச் சரிவின் போக்கு சீக்கிரம் பிடிபடும். இந்த ஒரு விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

முதல் போட்டியில் பெரிய பாறையைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். இரண்டு மீட்டர் தாவல்தான், இறங்கியபோது ஒரு ஸ்கீ கழன்று தனியாகக் கீழே போய்விட்டது. மதிப்பெண் கிடையாது. சின்ன வழியை விழாமல் முடித்திருந்தால் பட்டியலில் பெயராவது வந்திருக்கும், அடுத்த வருடக் காத்திருப்பில் இரண்டு படி ஏறியிருப்பேன்.

பரிசுப் பணத்தை நம்பி யாரும் இதில் வாழ்வதில்லை. உச்சியில் இருப்பவர்களும் விளம்பரதாரர், படப்பிடிப்பு, பயிற்சி கொடுப்பது என்றுதான் ஓட்டுகிறார்கள். நான் கோடையில் நாகப்பட்டினத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் அதையும் பனி வேலை என்கிறார்கள்.

13. ஊர் திரும்பியதும்

டெல்டாவின் ஈரக்காற்றில் ஸ்கீயின் எஃகு விளிம்பு பத்து நாளில் துருப்பிடிக்கும். வந்த அன்றே துடைத்து, விளிம்பு மூடும்படி கனமாக மெழுகு பூசி, சுரண்டாமல் அப்படியே வையுங்கள். ட்ரான்ஸீவரின் பேட்டரியைக் கழற்றுங்கள். பூட்ஸின் உள்ளுறையை உருவி நிழலில் காயவைத்துத் தகர டிரங்குப் பெட்டியில் பூட்டுங்கள். நெல் மூட்டை இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம். என் முதல் ஜோடியின் உறைக்குள் ஆறு எலிக்குஞ்சுகள் இருந்தன.